வீடு அவளுடையது

தொண்ணூறுகளில் கல்முனையில் உயர்தரப் பரீட்சைக்குத் தமிழை ஒரு பாடமாக எடுத்த முஸ்லிம் பிள்ளைகள் நாங்கள். சிவனைப் பாடிய ஒரு பெண்ணடியாரைப் படிப்பிக்க வந்த, பாண்டிருப்பு ஊர்ச் சைவரான எங்கள் சேர், "கணவனால் கைவிடப்பட்ட துயரத்தில் பாடியவர்" என்று கரும்பலகையில் எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதை இதுதான். வெறுங்கையில் மாம்பழம் வரவழைத்த மனைவியைக் கண்டு பயந்த வணிகன், கப்பலேறிப் போய் வேறு கலியாணம் செய்துகொண்டான். அவள் தன் அழகை உதறி, பேயுருவம் கேட்டு வாங்கி, சுடுகாட்டிலிருந்து பாடினாள். ஆனால் மகளைப் பிரிய மனமில்லாத தகப்பன் தன் ஊரிலேயே வீடு கொடுத்து மாப்பிள்ளையைக் குடியேற்றியதும் அதே கதையில்தான் வருகிறது. எங்கள் கிழக்குக் கரையோர ஊர்களில் சைவருக்கும் முஸ்லிம்களுக்கும் அதுதான் வழக்கம். வீடு பெண்ணுக்கு. சண்டை வந்தால் வாப்பாதான் சட்டையை மாட்டிக்கொண்டு நற்பிட்டிமுனையில் இருந்த தன் தாய் வீட்டுக்குப் போவார். உம்மா அசைந்ததே இல்லை.

எழுந்து கேட்டேன். "ஊடு அவட. போனது மாப்பிள்ள. இதுல யாரு சேர் யாரக் கைவிட்ட?"

வகுப்பு சிரித்தது. சேரும் சிரித்தார். "ஓம் பிள்ள, நானும் பொஞ்சாதிட வீட்டிலதான் இருக்கன். எண்டாலும் அவட மனசில துக்கம் இருந்திருக்கும்தானே?"

பாடத்திட்டத்தில் இல்லாத பாடல்களையும் நூலகத்தில் எடுத்து வாசித்துவிட்டுத்தான் நான் வந்திருந்தேன்.

"அவ பாடினது எல்லாத்தையும் வாசிச்சிட்டன் சேர். பேய் இருக்கு, நெருப்பு இருக்கு, ஆடுற சாமி இருக்கு. அந்த மனிசன் ஒரு இடத்திலயும் இல்ல."