இரண்டாவது பிரேக்

ஓட்டுநர் பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவர் காலடியில், இன்னொன்று கற்றுக்கொடுக்கிறவர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் பாதி ஊர் அவளிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது. ஸ்டியரிங்கைத் தொட்டாலே கண்ணை மூடிக்கொள்கிற பேராசிரியர் வரட்டும், குப்பைத் தொட்டியைக் கண்டால் நேராக அதை நோக்கியே போகிற நர்ஸ் வரட்டும், அவள் வலது கால் காப்பாற்றிவிடும். எல்லோருக்கும் அவள் ‘பிரேக் அக்கா’. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவள் தெருவிலேயே உதட்டைப் பிதுக்குவார்கள்.

ஆனால் வேலை முடிந்துவிட்டது என்று அந்தக் காலுக்கு யார் சொல்வது? பஸ்ஸில் போனாலும் தரையை மிதிக்கும். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது திரையில் ஒரு கார் வேகமாகப் போனாலும் மிதிக்கும்.

அவள் கணவர் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். கண் நரம்பு கெட்டு, வலப்பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துபோனது. இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே மனிதர் வாயையும் மூடிக்கொண்டார். கப்பல் கவிழ்ந்தவர் மாதிரி கன்னத்தில் கை. எங்காவது கூட்டிப்போனால் காரின் பின்சீட்டில் போய் உட்கார்வார். முன்னால் வாங்க என்றால் காதில் விழாத மாதிரி இருப்பார். அவளுக்கு ஒரே எண்ணம்தான்: கண் போனால் போகட்டும், ஆள் போய்விடக்கூடாதே!

வழி காட்டியது அந்தக் குப்பைத்தொட்டி நர்ஸ்தான். டயர் கடைக்கு மேல்மாடியில் அவள் ஸ்விங் டான்ஸ் வகுப்பு நடத்திவந்தாள். ஜாஸ் இசைக்கு இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். துறைமுகத்தில் சரக்கு ஏறக் காத்திருந்த நாட்களில் ரேடியோவில் ஜாஸ் கேட்டுப் பழகியவர் கணவர். அந்தப் பெயரைச் சொன்னதும் தலையை நிமிர்த்தினார். அது போதாதா? இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆச்சரியம், அவருக்கு ஆட்டம் வந்தது. லாரியைப் பின்னால் எடுத்து எடுத்துப் பழகிய உடம்பு. கண் பார்க்காததைத் தோள் பார்த்துக்கொண்டது. வராதவள் இவள்தான். கையைப் பிடித்தபடி அவர் அவளைத் தன் வலப்பக்கம் வீசி அனுப்ப வேண்டும். கை நீளும் மட்டும் அவள் போய், சுழன்று, திரும்ப வேண்டும். போவாள். போன வேகத்தில் வலது கால் ‘தொம்’ என்று தரையில் இறங்கும். அவர் தோள்பட்டை வெட்டி இழுக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளும் தரை வழுக்குகிறது, செருப்பு சரியில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஒரு நாள் அவர் கையை விட்டுவிட்டார்.

“ரோட்டுலதான் எனக்கு வேலை இல்லைன்னு ஆயிடுச்சு. இங்கயாவது என்னை ஓட்ட விடேன்” என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதாகவும், அதற்கப்புறம் கூப்பிடக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவள் சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இந்த ஆட்டம் யாருடையது தெரியுமா என்று கேட்டாள். காசுள்ளவர்கள் பொழுதுபோக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நர்ஸ் அதன் கதையைச் சொன்னாள். அமெரிக்காவில் ஆடுமாடு மாதிரி விற்கப்பட்ட கறுப்பின மக்களின் பேரன் பேத்திகள். அடுத்தவர் துணியைத் துவைத்து, அடுத்தவர் பெட்டியைச் சுமந்து, நில் என்றால் நின்று, போ என்றால் போய்ப் பகலைக் கழித்தவர்கள். பொழுது சாய்ந்ததும் கூடம் கூடமாகக் கூடி அவர்கள் கட்டியெழுப்பிய ஆட்டமாம் இது. ஜாஸில் எல்லோரும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்கு வழிவிடுவார்கள். அவர் மனம்போல வாசித்துவிட்டுத் திரும்புவார். ஆட்டத்தில் துணையைக் கை நீள அனுப்புகிற அந்த நொடியும் அதே போலத்தானாம்.

“அண்ணா உங்களை இழுக்கல அக்கா. உங்களுக்கு இடம் விடுறாரு” என்றாள் நர்ஸ்.

ஞாயிறு பிற்பகல் அந்தக் கூடத்துக்கு நிஜமான வாத்தியக்காரர்கள் வந்தார்கள். அடேயப்பா! டிரம்மில் முதல் அடி விழுந்ததும் மரத்தரை உள்ளங்கால் வழியாகப் பேசியது. டிரம்பெட் ஊதுகிறவர் மற்ற வாத்தியங்களை விட்டுத் தன் போக்கில் தனியாக வாசிக்கக் கிளம்பினார். மேலே போனார், வளைந்தார், தொலைந்தே போனார் என்று அவள் பதறியபோது, ஒன்றும் நடக்காதவர் போல மற்றவர்களோடு வந்து சேர்ந்துகொண்டார். யாரும் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. கூடம் நிறைய ஜோடிகள், சிக்னலே இல்லாத நாற்சந்தி மாதிரி. ஆனால் ஓர் உரசல் இல்லை. இத்தனை வருஷம் ரோட்டில் கிடந்தவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு நாள்கூடத் தங்களுக்கென்று கிடைக்காத மக்கள் இப்படியொரு நம்பிக்கையை எங்கிருந்து எடுத்தார்கள் என்று நினைத்தபோது கண் நிறைந்தது.

கணவர் கையை நீட்டினார். ஆடினார்கள். அவளை வலப்பக்கம் வீசினார், அவர் கண்ணுக்கு எதுவுமே இல்லாத பக்கம். கால் மிதிக்கத் துடித்தது. மிதிக்கவில்லை. பிடித்திருந்த கை விட்டே போகிற அளவுக்குத் தூரம் போய்விட்டாள். ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகவே சுற்றினாள், தாளத்துக்குப் பின்தங்கினாள். நிமிர்ந்து பார்த்தால் அவர் கை அந்த வெறும் வெளியில் அப்படியே நீண்டிருந்தது. தேடவில்லை, துழாவவில்லை. வருவாள் என்று இருந்தது.

போய்ப் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவா வா, என்ன அவசரம்” என்றார் அவர்.

ஆட்டம் முடிந்து கீழே வந்ததும் அவள் வழக்கம்போலக் காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள். அவர் அதைச் சாத்தினார். முன்கதவைத் திறந்து அவள் பக்கத்தில், கற்றுக்கொடுக்கிறவர் சீட்டில் உட்கார்ந்தார். காலடியில் இரண்டாவது பிரேக் இருந்தது. ஒரு தரம் குனிந்து அதைப் பார்த்தார். இரண்டு காலையும் நன்றாகப் பின்னால் இழுத்து மடக்கிக்கொண்டார்.

“ம், எடு” என்றார். வீடு வந்து சேரும்வரை அந்த டிரம்பெட்காரரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.