தனியாக நடந்தேன் என்று சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன், சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். குடவாசல் பக்கம் ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. நான் லைஃப் கோச் வேலையைத் தொடங்கி அப்போது ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா, அம்மா இருவருக்கும் வயல் வேலை. அம்மா நடவுக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். வீட்டில் என்னை ஒரு நாள்கூட வயலில் இறங்க விட்டதில்லை. இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அதை மறைக்க வேண்டும் என்று இன்றுவரை தோன்றியதில்லை.

கல்லூரியில் கடைசி வருடம். ஒரு திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாதம் இரண்டும் மரத்திருந்தன. வெள்ளிக்கிழமை கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிற நோய் என்றார்கள். தஞ்சாவூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வாரங்கள் கிடந்தேன். மூச்சு விடக்கூட மெஷின்தான். பிழைத்து வீட்டுக்கு வந்து, மறுபடி உட்காரவும் நிற்கவும் நடக்கவும் ஏழு மாதங்கள் ஆயின. ஒரு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கினேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்களின் சொந்தக்காரர்கள் பிறகு எனக்குப் போன் செய்து, "எங்க பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசும்மா" என்று கேட்பார்கள். பேசினேன். எனக்கு அது நன்றாக வருவது தெரிந்தது. அதனால் செல்போனிலேயே ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து, சான்றிதழ் வாங்கி, இதையே வேலையாக்கிக்கொண்டேன். கோச் என்றதும் எங்கள் தெருவில் கபடிக்கா வாலிபாலுக்கா என்று கேட்டார்கள். எதிர்வீட்டு மாமா, "இப்பத்தான் நடக்கவே ஆரம்பிச்சிருக்க, அதுக்குள்ள விசில் ஊதப் போறியா" என்றார். நான் கவலைப்படவில்லை. ஒரு வருடத்துக்குள் கல்லூரிகளிலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் பேசக் கூப்பிட்டார்கள். என்னிடம் ஆலோசனை கேட்க சென்னையில் இருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

என் பேச்சில் ஒரு இடம் உண்டு. "ஒரு நாள் காலையில், யார் கையையும் பிடிக்காமல், எங்கள் வீட்டு வாசலில் இருந்து தெருமுனை வரை தனியாக நடந்தேன்" என்பேன். சொல்லிவிட்டு நிறுத்துவேன். எந்த ஊராக இருந்தாலும் அங்கே கைதட்டல் விழும். பயிற்சி வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: கதையில் ஒரே ஒரு ஆள்தான் ஜெயிக்க வேண்டும், மற்றவர்களைக் குறைத்துவிடுங்கள் என்று.

குடவாசல் பக்கத்து மகளிர் குழுக் கூட்டத்தில் நான் அப்படிப் பேசி முடித்ததும், நாற்காலியில் இருந்து எழ முடியாமல் ஒரு அக்கா கை காட்டிக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு மாதங்களுக்கு முன் மூளையில் அடைப்பு வந்து இடது பக்கம் இழுத்துவிட்டது. கை தேறிவிட்டது, கால்தான் இன்னும் வரவில்லை. கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கிற மகளும் இவரும்தான் வீட்டில். முதல் சில மாதங்களில் எவ்வளவு நடக்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் கால் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவர் ஒரு நடவு செட்டில், அதாவது சேர்ந்தே நடவுக்குப் போகிற பெண்கள் குழுவில், இருந்தவர். தினமும் காலையில் அந்த செட்டுப் பெண்கள் வயலுக்குப் போகிற வழியில் இவர் வீட்டுக்கு வந்து, இவரை நடக்க வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராக நிற்பார்கள். ஒருவர் இவருக்கு எதிரே நின்று, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, பின்னோக்கி அடிவைத்துப் போவார். நாள் முழுக்கச் சேற்றில் பின்னால் நகர்ந்து நகர்ந்தே நடுகிறவர்களுக்கு அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

"தெருவே பாக்குது மேடம். கொழந்தைக்கு நடை பழக்குற மாதிரி இருக்கு. நீங்க நடந்த மாதிரி நானும் தனியா நடக்கணும்" என்றார்.

நான் அரை மணி நேரம் பேசினேன். நாளையில் இருந்து வர வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடச் சொன்னேன். அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று நானே அந்தப் பெண்கள் மாதிரி எதிரே நின்று, அவரை மூன்று முறை சொல்ல வைத்துப் பழக்கினேன். அவர் காலை நான் பார்க்கவில்லை. அந்தப் பெண்களையும் பார்க்கவில்லை.

மறுநாளே அவரிடம் இருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. சொல்லிவிட்டாராம். அதற்கு அடுத்த நாள், வாசல்வரை போனேன் என்றார். பிறகு வேலிவரை, பிறகு அடிபம்புவரை. ஒவ்வொன்றுக்கும் நான் பூ படம் போட்டுப் பதில் அனுப்பினேன். பெயர் சொல்லாமல் என் ஃபேஸ்புக் பக்கத்தில் இந்த வெற்றியைப் பற்றி எழுதவும் செய்தேன். நிறையப் பேர் பாராட்டினார்கள்.

பத்தாவது நாள், அவர் நடப்பதை ஒரு வீடியோ எடுக்கலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தண்ணீர்க் குடம், சாப்பாட்டுத் தட்டு, போன், மாற்றுத் துணி எல்லாம் கை எட்டுகிற தூரத்தில் வரிசையாக இருந்தன. மணிக்கட்டு வீங்கி மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. இடது முழங்கால் மடங்கியபடியே இருந்தது.

"நேத்துகூடப் பம்பு வரைக்கும் போனேன்னு சொன்னீங்களே அக்கா."

"போகல மேடம்."

"ஒரு நாள்கூடவா?"

"அவளுங்க வராத மொத நாளே வாசப்படியில விழுந்துட்டேன். அப்பறம் எறங்கல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க பூ போட்டு அனுப்புறீங்க. எப்படிச் சொல்றது?" என்றார். சுவரைப் பார்த்தபடியே, "நீங்க தனியாத்தான நடந்தீங்க. எனக்கு மட்டும் ஏன் வரல?" என்று கேட்டார்.

எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கும். அந்தக் கேள்விக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பதிலை நான் ஒன்றரை வருடமாக எடுத்து ஓரமாக வைத்திருந்தேன்.

நான் தெருமுனை வரை நடந்த அந்தக் காலையில், என் அம்மா எனக்கு எதிரே நின்று, இரண்டு கையையும் என் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி நீட்டிக்கொண்டு, தெருமுனை வரை பின்னோக்கியே நடந்தார். அம்மாவின் செட்டில் இருந்த இன்னொரு பெண் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். நான் யார் கையையும் பிடிக்கவில்லை என்பது உண்மை. தனியாக நடந்தேன் என்பது பொய். அதற்கு முந்தைய ஏழு மாதத்தில் நடவு வந்தபோதெல்லாம் அம்மாவுக்கு வேலை போகாமல், வயலில் அவர் நட வேண்டிய நிரையையும் சேர்த்து நட்டுக் கொடுத்தது அந்த செட்டுதான்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப மைக்குல சொன்னது?"

"அம்மாவ விட்டுட்டுச் சொன்னேன்."

"உங்கம்மா அதக் கேட்டிருக்காங்களா?"

"ஒரு கூட்டத்துல மொத வரிசையில உக்காந்து கேட்டாங்க. கை தட்டினாங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "எங்க செட்டும் அப்படித்தான். வேணாம்னேன், சரின்னுட்டுப் போயிட்டாளுங்க. ஒருத்திகூட ஏன்னு கேக்கல. அவ்வளவு ரோஷம். இப்ப நான் கூப்பிட்டா வர மாட்டாளுங்க. நீங்க போய்ச் சொல்லுங்க. இல்லன்னா இந்தக் கால் இப்படியே நின்னுரும்" என்றார். அவர் முகத்தில் பயம் இருந்தது.

ஊருக்கு வெளியே வாய்க்காலை ஒட்டிய வயலில் பத்துப் பதினொரு பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று வணக்கம் சொன்னேன். யாரும் நிமிரவில்லை.

"என்னம்மா, கணக்கெடுக்க வந்தியா?" என்றது ஒரு குரல்.

விஷயத்தைச் சொன்னேன். வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"ஓ, மைக்குப் பொண்ணு. படிச்ச பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்" என்றார் ஓரத்தில் நின்றவர். கை நிற்கவில்லை. நாற்று நடுவது அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

"நாங்க தொட்டா அவளுக்குக் கேவலமா இருக்குன்னுல்ல நெனச்சோம்" என்றார் இன்னொருவர்.

"அக்கா விழுந்துட்டாங்க. பத்து நாளா எறங்கவே இல்ல. முட்டி மடங்கி நிக்குது."

அப்போதுதான் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஓரத்தில் நின்றவர் கையில் இருந்த நாற்றுக் கத்தையைச் சேற்றில் போட்டார். "பத்து நாளா? ஒரு வார்த்த சொல்லிவிடக் கூடாது அவ?" என்று அக்காவைத் திட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கம்மா என்னம்மா வேல பாக்குறாங்க?"

"நடவுதான்."

"அப்பறம் உனக்குத் தெரியாதா?"

அதற்கு மேல் அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"காலைல வர்றோம். நீயும் வரணும். நீதான எங்கள நிறுத்துன, நீயே அவளுக்கு முன்னால நில்லு" என்றார்.

அன்று மதியமே அக்காவை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் காட்டினேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு இல்லை. முட்டியை நீட்டி மடக்குகிற பயிற்சியை எழுதிக் கொடுத்தார்கள். மெதுவாக நடக்கவும் சொன்னார்கள். என் பக்கத்தில் எழுதியிருந்த வெற்றிக் கதையை அங்கேயே உட்கார்ந்து நீக்கினேன்.

மறுநாள் காலையில் அக்காவுக்கு எதிரே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர். நாலடி பின்னால் போயிருப்பேன். ஒவ்வொரு அடிக்கும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், கால் தடுமாறி, பம்பில் இருந்து தண்ணீர் ஓடுகிற சேற்றில் உட்கார்ந்தே விட்டேன்.

"நட்டவ பொண்ணுக்குப் பின்னால போகத் தெரியல பாரு" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

முந்தின நாள் வயலில் ஓரத்தில் நின்றவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். "பின்னால பாக்காத. அவ மூஞ்சியப் பாரு, காலப் பாரு. தரய நாங்க பாத்துக்கறோம்."

அப்படியே செய்தேன். அக்காவின் முகத்தையும் இடது காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பள்ளம் வந்தால் யாரோ என் முதுகைத் தொட்டுத் திருப்பினார்கள். அந்தக் கால் எங்கே பயப்படுகிறது, எங்கே ஊன்றத் தயாராக இருக்கிறது என்பது எதிரே நின்றால் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. அன்று பம்பைத் தொட்டோம். திரும்பி வந்ததும் அக்கா, "நாளைக்கும் வா புள்ள" என்றார். அதுவரை நான் அவருக்கு மேடமாக இருந்தேன்.

ஒரு மாதம் தினமும் போனேன். நடவு முடிந்த பிறகும் அந்தப் பெண்கள் முறை வைத்து வந்தார்கள். பொங்கலுக்கு அக்கா கோல் ஊன்றி பஸ் நிறுத்தம் வரை நடந்தார். இன்று கோல் இல்லாமல் நடக்கிறார். வயலில் இன்னும் இறங்கவில்லை. இறங்குவேன் என்கிறார். அதற்கு நான் ஒன்றும் சொல்வதில்லை, அவரும் டாக்டரும் அந்த செட்டும் முடிவு செய்ய வேண்டியது அது.

நடந்ததை அம்மாவிடம் சொன்னபோது, "நீதான நடந்த, நான் சும்மா முன்னால நின்னேன்" என்றார். அதோடு விட்டுவிட்டார். நான் விடவில்லை. இப்போது மேடையில் அந்த இடத்தில் அம்மாவும் வருகிறார், நாற்காலியும் வருகிறது. பழைய மாதிரி கைதட்டல் விழுவதில்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் வந்து பேசுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

இந்த வேலையை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். எனக்கு இது வரும், முன்பைவிட இப்போது இன்னும் நன்றாக வரும். என்னிடம் வருகிறவரின் வீட்டுக்கு முதலில் போகிறேன், அவருக்காக ஏற்கெனவே யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன், பிறகுதான் பேசுகிறேன். அந்த அக்காவின் இடது முட்டி இன்றும் முழுதாக நீள்வதில்லை. வீணாய்ப்போன அந்தப் பத்து நாளால்தானா, நோயால்தானா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை என்பதால், யாருக்காவது யோசனை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அந்த முட்டியை ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.