அண்ணியின் சைக்கிளை இடித்தவர்கள்

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில் அண்ணியின் சைக்கிள் கிடந்த கோலம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. முன்சக்கரம் பொரித்த அப்பளம்போல வளைந்திருந்தது. கைப்பிடி முழுக்கத் திரும்பி இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி அதன் முன்னால் நின்றார். ஒரு குழந்தையைப் பூமிக்குக் கொண்டுவந்துவிட்டு அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கியிருந்தார்; முழங்கைவரை டெட்டால் வாசம்.

என் மூத்த அண்ணனின் மனைவி அவர். ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் சாலையைச் சுற்றிய சந்துகளில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. எல்லோருக்கும் அவர் ‘மிஸி’. வலி கண்ட வீட்டிலிருந்து ஆள் வந்தால், சேலையை இழுத்து ஊசி குத்திக்கொண்டு ஐந்து நிமிடத்தில் சைக்கிளில் ஏறிவிடுவார். அன்று நண்பகல் கீழே ஏதோ இடிபடும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. குழந்தையின் தலை தெரிந்துவிட்ட நேரம், எட்டிப்பார்க்க முடியவில்லை. இறங்கி வந்தபோது, சைக்கிளை இடித்த பேருந்து போய் ஒரு மணி நேரமாகியிருந்தது.

“பச்சை பஸ்சு மிஸி, என் கண்ணால பார்த்தேன்லா,” என்றார் தேநீர்க் கடைக்காரர்.

“யாரு சொன்னா? செவப்பு! நான் இங்கதானே பூக் கட்டிக்கிட்டு இருந்தேன்,” என்றார் பக்கத்திலிருந்த பூக்கார அம்மா.

அந்நாளில் ஒவ்வொரு கம்பெனிப் பேருந்துக்கும் ஒவ்வொரு நிறம். நிறம் தெரியாமல் யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பது? நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். தேநீர்க் கடைக்காரர் பேருந்து போன நேரத்தையும் துல்லியமாகச் சொன்னதால் அவரை நம்பி, பச்சைப் பேருந்துக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தேன். ‘எனக்குத் தெரிந்தவரை’ என்று ஒரு சொல் சேர்க்கச் சொன்னார் அண்ணி. சேர்த்தால் கடிதம் பலவீனமாகிவிடும் என்று நான்தான் விட்டுவிட்டேன்.

பதில் வரும்வரை அண்ணி நடந்தே போனார். ஒரு வீட்டுக்கு அவர் போய்ச் சேருமுன் குழந்தை பிறந்துவிட்டது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் அன்று அண்ணி சாப்பிடவில்லை.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. அந்த நேரத்தில் அவ்வழியே ஓட்டியவர் தவற்றை எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார். முழுத் தொகையும் இத்துடன் வருகிறது. அது அவருடைய சம்பளத்தில் பிடிக்கப்படும். என் ஆங்கிலத்தின் வலிமை என்று நான் பூரித்துப்போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒல்லியான ஒரு தமிழர் எங்கள் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அக்கா, உங்க சைக்கிள இடிச்சது நான்தான். வளைக்கும்போது பின்பக்கம் பட்டுருச்சு. கண்ணாடியில பார்த்தேன். நின்னா வேலை போயிடும்னு ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன். இப்ப பச்சை பஸ்காரர் ஒத்துக்கிட்டாருன்னு பேசிக்கிறாங்க. மனசு கேக்கல.”

“நீங்க ஓட்டுறது?” என்றார் அண்ணி.

“செவப்பு பஸ்சு.”

பணம் வைத்த ஓர் உறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். செய்தவர் இவர் என்றால், செய்யாதவர் ஏன் கையெழுத்துப் போட்டார்? மிரட்டியிருப்பார்களா? என் கடிதத்தின் நகலை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன்.

மறுநாள் இருவரும் பச்சைப் பேருந்து நிலையத்துக்குப் போனோம். ஐம்பது வயதிருக்கும் மலாய்க்காரர் ஒருவரைக் காட்டினார்கள். உண்மையைச் சொல்லி, கம்பெனியிடம் பேசி அவரை விடுவிப்பதாகத்தான் ஏற்பாடு. அண்ணி மலாயில் தன்னை யாரென்று சொன்னதும் அவர் இரு கைகளாலும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு அந்த முனையில வண்டி எது மேலயோ பட்டுச்சு. நான் நிக்கல. குழந்தையோ கிழவியோன்னு அப்புறம் கண்ணை மூட முடியல. உங்க கடிதத்தைக் காட்டினாங்க. பாசிக்கால்! வெறும் பாசிக்கால்! உடனே கையெழுத்துப் போட்டேன்,” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. “பாசிக்கால்தானே மிஸி?”

பாசிக்கால் என்றால் சைக்கிள். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன்.

“ஆமா, சைக்கிள்தான்,” என்றார் அண்ணி அவரிடம். பிறகு சிவப்பு பஸ்காரர் வைத்துவிட்டுப் போன உறையைப் பையிலிருந்து எடுத்து, செலவு நினைத்ததைவிடக் குறைவு, இது மிச்சம் என்று அவர் சட்டைப்பையில் வைத்தார்.

திரும்பும் வழியில், “அப்ப அவர் எதைத்தான் இடிச்சாரு அண்ணி?” என்றேன்.

“தெரியல. ரெண்டு பேருமே சைக்கிள இடிச்சிருக்கலாம். ஒருத்தர் சாய்ச்சு, இன்னொருத்தர் ஏத்தி...” என்றார் அண்ணி. அடுத்த சில நாட்கள் தெரிந்த தாதிகளிடமும் தேக்காவின் வீடுகளிலும் அன்று யாராவது அடிபட்டார்களா என்று சுற்றிச் சுற்றி விசாரித்தார். அடிபட்டதாக யாரும் சொல்லவில்லை. ‘யாரும் சொல்லல’ என்றுதான் எனக்கும் சொன்னார். ‘யாருமில்ல’ என்று சொல்லவில்லை.

பிற்காலத்தில் தோ பாயோ வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில், பேரக் குழந்தைகள் தூங்கும் மத்தியானங்களில், அண்ணி என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்: “அந்தப் பச்சை பஸ்காரர்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கணுமோ?” ஒருமுறை ஆமாம் என்பேன், மறுமுறை இல்லை என்பேன். இரண்டுக்கும் அவர் தலையாட்டுவார்.