ஆத்தா கேட்ட கார் பயணம்

மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த புருஷன் செத்த வருஷம், ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தவள் கருத்தம்மா. கூட்டுவாள், கழுவுவாள், துணி அலசுவாள். நோயாளியைத் தொட்டு எதுவும் செய்யக் கூடாது என்பது உத்தரவு. பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்தப் பிள்ளை தேறும், எது தேறாது என்று நர்ஸுகளுக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் விளக்குமாறு பிடிக்கிறவள் வைத்தியம் சொன்னால் எவர் காதில் ஏறும்?

எண்பத்தெட்டில் ஸ்காட்லாந்திலிருந்து பியோனா என்று ஒரு மருத்துவ மாணவி ஆறு வாரத்துக்கு வந்து சேர்ந்தாள். டாக்டரம்மா பின்னாலேயே நடந்து, பார்த்துப் பழக வேண்டியது. அவளுக்கும் அதே உத்தரவுதான்: பார்க்கலாம், தொடக் கூடாது. கருத்தம்மாவுக்கு உள்ளூரச் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண் ஆஸ்பத்திரி காரில் ஊர் சுற்றப் போகும்போது துணைக்கு இவளைத்தான் அனுப்பினார்கள். ஒரு வாரம் அய்யனார் கோயில் ஆறு. அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பேச்சு.

அந்தச் சனிக்கிழமை வ. புதுப்பட்டியிலிருந்து வந்த ஊர்க்காரி ஒருத்தி சேதி சொன்னாள். தங்கை முத்தாத்தாளின் மூன்று வயது மகன் வேலுசாமிக்கு மணல்வாரி அம்மை. ஆறு நாளாகியும் காய்ச்சல் விடவில்லை, பால் இறங்கவில்லை, மூச்சு வாங்குகிறது. அம்மைக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டிய பிள்ளைகளைக் கருத்தம்மா பார்த்திருக்கிறாள். அதில் இரண்டு பேரைத் துணியில் சுற்றிக் கொடுத்ததும் அவள்தான். தங்கை புருஷன் இருளப்பசாமியோ, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வாசல் தாண்ட விட மாட்டான். அவனே விட்டாலும் அம்மை கண்ட பிள்ளையை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்? அவளுக்குக் கார் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பியோனா கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் பிடித்தாள், பால்கோவாவை ரசித்துத் தின்றாள். கருத்தம்மாவுக்கு நெருப்பின் மேல் நிற்பதுபோல் இருந்தது. தன் ஊரைக் காட்டுகிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு, கிருஷ்ணன்கோவிலில் திரும்பும்படி டிரைவர் பொன்னுராஜிடம் கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவர் மறுத்தார். ஆஸ்பத்திரி கார் அம்மை வீட்டுக்குப் போனது தெரிந்தால் இரண்டு பேர் சோற்றிலும் மண் என்றார்.

"நாந்தான் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லுங்கண்ணே. எம் வேல போனாப் போவட்டும்."

பொன்னுராஜ் கிருஷ்ணன்கோவில் வந்ததும் வண்டியைத் திருப்பினார்.

வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. இருளப்பசாமி கையை நீட்டி மறித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் உள்ளே வரக் கூடாது, வேண்டுமென்றால் வெளியே நின்று பார்க்கலாம் என்றான். இங்கேயும் பார்க்கத்தான் உத்தரவு.

பார்த்தாள். முத்தாத்தாள் மடியில் பிள்ளை சாய்ந்து கிடந்தான். மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் தலை முன்னும் பின்னும் ஆடியது. துணியில் சுற்றிக் கொடுத்த இரண்டு பிள்ளைகளுக்கும் கடைசியில் தலை இப்படித்தான் ஆடியது. பியோனா கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். "சிக்ஸ்டி எய்ட்," என்று முணுமுணுத்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. ஐம்பதுக்கே டாக்டரம்மா ஓடி வருவார் என்பது கருத்தம்மாவுக்குத் தெரியும்.

கெஞ்சினாள், அழுதாள். இருளப்பசாமி அசையவில்லை. கல்நெஞ்சன் என்று அவனைச் சொல்ல முடியாது. ஆறு நாளாக வெறுந்தரையில் கிடந்து விரதம் காத்தவன். ஆத்தா கோபித்துக்கொண்டால் பிள்ளை போய்விடும் என்ற பயம் அவனுக்கு.

"அவ இருக்கிற வீடு மதினி. அவ கேக்காம நாம ஒண்ணும் செய்யக் கூடாது."

கருத்தம்மாவின் அழுகை நின்றது. அம்மை கண்ட பிள்ளை கேட்பது ஆத்தா கேட்பது. இளநீர் என்றால் இளநீர், நுங்கு என்றால் நுங்கு. இல்லையென்று சொன்னவன் உருப்பட்டதில்லை. ஊருக்கே தெரிந்த நியாயம் இது.

நிலைக்கு வெளியே மண்டியிட்டாள். தெருவில் நின்ற காரைக் கைகாட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"தாயி, காருல ஏறிப் போவமா?"

தலை ஆடியது.

"ராசபாளையம் வரைக்கும் போவமா?"

ஆடியது.

நிலையிலிருந்த கையை எடுத்து இருளப்பசாமி தலைக்கு மேல் கும்பிட்டான். பிறகு அவனே பிள்ளையை அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினான். வழியெல்லாம் பொன்னுராஜ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. தலை ஏன் ஆடுகிறது என்று பியோனாவும் புத்தகத்தில் படித்திருப்பாள். அவள் தன்னையே பார்ப்பது தெரிந்து கருத்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தனி அறையில் போட்டு ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். டாக்டரம்மா வாய் ஓயும்வரை திட்டினார், வேலை தப்பியது. கருத்தம்மாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. மூச்சுத் திணறலை ஆத்தாவின் வாக்காக்கியவள் அவள். பிள்ளைக்கு ஒன்று ஆனால் அந்தப் பாவத்தை எந்தக் குளத்தில் கழுவுவது?

திங்கட்கிழமை அறையைக் கூட்டும்போது கட்டிலருகே குனிந்து, "காருல போவமா?" என்று கேட்டாள். தலை ஆடியது. செவ்வாய்க்கிழமை கேட்டாள். ஆடியது, சற்றுக் குறைவாக. புதன்கிழமை கேட்டபோது பிள்ளை விரலை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். மறுபடியும் கேட்டாள். தலை அசையவே இல்லை.

பக்கத்தில் நின்ற இருளப்பசாமியின் முகம் இருண்டது. "ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காளே மதினி," என்றான்.

கருத்தம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். பதினோரு வருஷத்து உத்தரவை மறந்து பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தாள். அது சாவகாசமாக ஏறி இறங்கியது.

"ஆத்தா மலையேறிட்டா தம்பி," என்றாள். "இனிமே கேட்டா, நம்ம புள்ளதான் கேக்கணும்."