அப்பா தனக்கென்று செய்த கப்பல் பெட்டி

பிள்ளைகளே, ரங்கூனை ஒட்டிய ஷ்வேப்யிதா தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த உங்களில் பெரியவன், பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று இப்போது வாசற்படி இறங்குவதில்லை. போன வாரம் சன்னலோரம் நின்றபடி, "தாத்தா அப்பவே கப்பல் ஏறியிருந்தா எனக்கு இந்தக் கதி வருமாப்பா?" என்று கேட்டான். தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

என் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் ரங்கூன் துறைமுகத்துக்குத் தச்சுவேலைக்கு வந்தவர். சண்டை வந்தபோது, இந்தியாவை மீட்கப் போகிறோம் என்று ஆள் சேர்த்த படையில் சேர்ந்து வடக்கே போனார். "துப்பாக்கியவிட ரம்பத்தத்தான் அதிகம் தூக்கினேன்" என்பார். படை கலைந்து, காய்ச்சலோடு நடந்தே திரும்பி, த்வாண்டேயில் பானை செய்யும் பர்மாக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் விழுந்தார். அந்த வீட்டுப் பெண்தான் என் அம்மா. இரண்டு பேரும் ரங்கூனில் ஒரு சந்தில் குடியேறினார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிழைப்பு போன நம் சனங்கள் ஊர் திரும்ப மதராஸ் கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு மரப்பெட்டி வேண்டும். சந்து முழுக்க அப்பாவின் சுத்தியல் சத்தம்தான். மூடியில் மட்டும் ஆணி அடிக்கமாட்டார். துறைமுகத்தில் சோதனைக்காரர்கள் கடப்பாரையால் நெம்பிப் பலகையைப் பிளந்துவிடுவார்கள். கயிறு கட்டினால் போதும் என்பார்.

"ஆசாரியாரே, ஊருக்கெல்லாம் பெட்டி அடிக்கிறீரே, உம்ம பெட்டி எங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சீண்டுவார்.

"கூலி தராத ஆளு வேலை கடைசியிலதான்" என்பார் அப்பா.

அப்பாவுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. அம்மா இந்த நாட்டுக்காரி. அவளையும் இங்கே பிறந்த எங்களையும் ஏற விடமாட்டார்கள். போனவர் திரும்பி வரவும் வழியில்லை. ஊரில் அவருடைய அண்ணன் வா வா என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் காலையில், யாரிடமும் சொல்லாமல், தனக்குப் பெட்டி செய்ய உட்கார்ந்தார். அளவுகோலை எடுக்கவில்லை. கை போன போக்கில் அறுத்தார். சாயங்காலம் நானும் தம்பியும் உள்ளே ஏறி நின்றோம். இன்னும் இடம் இருந்தது.

அம்மா வந்து பார்த்தாள். இங்கத்துப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவதுபோல, அப்பாவை அவள் எப்போதும் பர்மியில் 'அக்கோ' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒரு ஆளுக்கா அக்கோ, இவ்ளோ பெரிய பெட்டி? ரெண்டு வேட்டி, ஒரு ரம்பம். வேற என்ன இருக்கு உங்ககிட்ட?"

அப்பா முழம் போட்டுப் பார்த்தார். அது குடும்பத்துக்குச் செய்யும் அளவு. ஒற்றை ஆளுக்கு அதை ஏற்றவே மாட்டார்கள். அது அவருக்குத் தெரியாததா?

"கைப்பழக்கம்" என்றார். "வேற அடிச்சுக்கலாம்."

"அடிங்க. பலகை கிடக்குது." அம்மா அழவில்லை.

அவர் வேறு அடிக்கவில்லை. நிறையப் பிள்ளைகள் உள்ள பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் போனார்.

அப்பாவுக்கு இடம் கிடைத்திருந்த அந்தக் கப்பல் சங்கு ஊதியபோது நடுப்பகல். அப்பா கதவைச் சாத்திவிட்டு, புழுக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எங்களுக்காகச் சந்தோஷமாகத்தான் தங்கினார் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.

"என்னை எந்த ஊருக்கும் ஆகாதவனாக்கிட்டியேடி" என்றார். பிறகு, "சரி, சோத்தப் போடு."

அம்மா போட்டாள்.