கடற்கரையில் விரித்த புடவை

"ரெண்டு இங்கிலீசு எழுத்துப் படிச்சிட்டா வெள்ளைக்காரனோட கதைச்சிருவியோ?" என்று மாமா என்னைக் கேட்டபோது எங்கள் ஊர் மருதமுனையைச் சுற்றிலும் வெள்ளம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "ஓம், கதைப்பன்" என்றேன்.

உள்ளே என் கூடப்பிறந்த ராத்தா பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை தண்ணீருக்குள் கிடந்தது.

தூரக் கடலில் நின்ற வெள்ளைக்காரக் கப்பலிலிருந்து ஹெலிகொப்டர்கள் காலையில் கிளம்பி, ஊர் ஊராகக் கோதுமை மா மூட்டை இறக்கிவிட்டுப் பின்னேரம் திரும்பிப் போகும். கப்பல் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. அவை தும்பிகள் போலக் கடலிலேயே பிறந்து வருவதாக நான் நினைத்திருந்தேன்.

நோயாளி இருந்தால் வெளியே ஒரு புடவைத் துணியை விரியுங்கள், இறங்குவார்கள் என்று ஊர்த் தலைவர் விதானையார் சொல்லியனுப்பியிருந்தார். ராத்தாவைப் பாயோடு கடற்கரைக்குத் தூக்கி வந்தோம். வாப்பா தன் தறியில் நெய்த, இடுப்பில் கட்டும் சிவப்புச் சாரனை மணலில் விரித்தார். ஹெலிகொப்டர் வந்தது, வட்டம் போட்டது, போய்விட்டது. பிறகுதான் சுற்றிலும் பார்த்தோம். வெயிலைக் கண்டதும் நெசவுக்கார ஊர் மொத்தமும் நனைந்த சாரன்களைக் கொண்டுவந்து காயப்போட்டிருந்தது. மேலேயிருந்து பார்த்தவர்களுக்கு வீட்டுக்கு வீடு நோயாளி!

வாப்பா வீட்டுக்கு ஓடி, பெட்டியிலிருந்து அத்தர் மணக்கும் வெள்ளைப் புடவையை எடுத்து வந்தார். தான் செத்தால் மையத்தைச் சுற்றவென்று அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தது.

"அது உங்கட கபன் புடவையல்லோ?" உம்மா பதறினார்.

"எனக்கு இப்ப அவசரமில்ல" என்றார் வாப்பா.

பல நிறங்களுக்கு நடுவே கிடந்த அந்த வெள்ளையைப் பார்த்து அடுத்த ஹெலிகொப்டர் இறங்கியது. செம்பட்டை முடிக் கடற்படைக்காரர் ஒருவர் குதித்தார், புருவமெல்லாம் மா.

"சிஸ்டர், பேபி, ப்ளீஸ்!" எனக்குத் தெரிந்த இங்கிலீசு அவ்வளவுதான். அவருக்கு அது போதுமாயிருந்தது.

சின்ன ஹெலிகொப்டர், ராத்தாவுக்கு மட்டுமே இடம். ஏற்றும்போது அவள் என் கையை விடவில்லை.

"உள்ளுக்கு ஒரு பொம்புளையும் இல்லியா, புள்ள?"

"இல்ல ராத்தா. நல்ல மனிசர்தான், நான் கதைச்சிட்டன்" என்றேன் பெருமையாக.

அவள் முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். ஹெலிகொப்டர் சிறுத்துச் சிறுத்து வெளிச்சத்துக்குள் கரைந்தது.

ராத்தாவும் மகனும் சுகமாகத் திரும்பினார்கள். ஆனால் உயிர் போகிற வலியில் அவள் ஏன் ஒரு பொம்புளையைத் தேடினாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

இதைக் கொழும்பில், தாதியர் விடுதிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். போன கிழமை முதல் எனக்குப் பிரசவ வாட்டில் வேலை.