இன்ஜினுக்கு ஒரு சந்தனக் காப்பு

என் மொபெட்டுக்குக் காய்ச்சல் வருகிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் காய்ச்சலால் நான் ஜெயிலுக்கே போயிருப்பேன்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். கடத்தூர் கடைவீதியில் கிளம்பும்போது குதிரை. நாலு மைல் தாண்டினால் கிழட்டுக் கழுதை. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் முக்கும், முனகும்... நகராது. இன்ஜினைத் தொட்டால் விரல் கொப்பளிக்கும்.

பிளக்கை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பெட்ரோலில் ஆயிலைக் கூடுதலாகக் கலந்து பார்த்தேன் – பின்னால் வந்தவர்கள் இருமினார்களே தவிர, வண்டி ஆறவில்லை. மெக்கானிக் பாய், "வுட்டுட்டுப் போங்க சார், பிரிச்சுப் பாக்கறேன்" என்றார். பிரிப்பதா? திரும்பப் பூட்டும்போது நாலு நட்டு மிச்சம் விழுந்தால்? நைசாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாளெல்லாம் வீட்டில் ஏதாவது உடையும்.

உடம்புச் சூட்டுக்கு என்ன செய்கிறோம்? சந்தனம் அரைத்துப் பூசுகிறோம். வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவி, பூ வைத்து, பொட்டு வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. அந்தப் பொட்டையே கொஞ்சம் பெரிதாக வைத்தால் என்ன?

இன்ஜினைச் சுற்றித் தகடு தகடாக ரெக்கைகள் இருக்குமே... அந்த இடுக்கெல்லாம் நிரம்ப அப்பினேன். அடுத்த வாரம் சூடு அதிகமானது. சந்தனம் போதவில்லை போலிருக்கிறது – இன்னொரு பூச்சு. அதற்கடுத்த வாரம் இன்னும் சூடு. இன்னும் ஒரு பூச்சு. நடுநடுவே நம் ஊர்ச் செம்மண் புழுதியும் சேர்ந்து, வண்டிக்கு அடியில் ஒரு செங்கல்லே உருவாகிவிட்டது.

"நெத்தியில வெக்கிறத இன்ஜினுக்கு அப்பறீங்களே" என்றாள் என் மனைவி கமலா. "நம்ம கல்யாணத்துல எங்கப்பா குடுத்த சந்தனக் கட்டைங்க அது. பாதி தேஞ்சு போச்சு."

விஞ்ஞானம் தெரியாதவள் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தேரியில் என் தங்கை செல்வியின் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்து. தங்கை வீட்டுக்காரர் அங்கே வாத்தியார். தாய்மாமன் நான் ஒருவன்தான்; என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதுவும் பன்னிரண்டு மணிக்குள். அதற்கு மேல் எமகண்டம்.

"மலைக்குப் போற பஸ்ஸுல போயிரலாங்க" என்றாள் கமலா.

"நம்ம வண்டி இருக்கும்போது பஸ்ஸா?" என்றேன். அந்த நேரம் பார்த்து யாராவது என் வாயைப் பொத்தியிருக்கக் கூடாதா?

அரூர் தாண்டியதும் முனகல் ஆரம்பித்தது. மலையடிவாரத்தில் வண்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. எங்கே? சரியாக ஃபாரஸ்ட் செக்போஸ்ட் வாசலில். படுத்தது மட்டுமா... அந்தச் சூட்டில் சந்தனம் வெந்து மணக்க ஆரம்பித்தது. கல்யாண மண்டபமே ரோட்டுக்கு வந்து நிற்பது போல ஒரு மணம்.

உள்ளேயிருந்து ஃபாரஸ்ட் கார்டு மூக்கை முன்னால் விட்டுக்கொண்டு வந்தார்.

"என்னா சார், சந்தனம் மணக்குது?"

குற்றமற்றவன் உள்ளதைச் சொல்வான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எனக்கு ஒண்ணும் மணக்கலீங்களே."

போதாதா? பையைக் கொட்டினார். பட்டுப் பாவாடை, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. சீட்டைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் மோப்பம் பிடித்துக்கொண்டே போய் இன்ஜின் முன்னால் உட்கார்ந்தார்.

"இவ்ளோ சந்தனம் ஏது?"

"மாமனார் குடுத்த கட்டைங்க."

"அவருக்கு எந்த ஊரு?"

"இங்கதாங்க... மலையடிவாரம்."

"அவருக்கு எப்படிக் கெடைச்சுது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அவரத்தான் கேக்கணும்."

முதுகில் ஒரு கிள்ளு விழுந்தது. "எங்கப்பாவ உள்ள தள்ளிட்டு நீங்க காது குத்தப் போறீங்களா?" என்று பல்லைக் கடித்த கமலா, கார்டு பக்கம் திரும்பினாள். "அண்ணா, அது கல்யாணக் கட்டைங்க. சந்தனம் பூசினா இன்ஜின் சூடு தணியும்னு இவருதான் பூசி வெச்சாரு. இவரு அப்படித்தாங்க."

கார்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மலையிலருந்து சந்தனத்த எறக்கறவங்கள எத்தினியோ பேரப் பாத்துட்டேன். ஏத்திக்கினு போற ஆள இன்னிக்கித்தான் பாக்கறேன்."

ஆனாலும் கடமை விடவில்லை. பூச்சுக்குள் ஏதாவது ஒளித்திருக்கிறேனா என்று என் ஸ்க்ரூ டிரைவரையே வாங்கி, ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டினார். ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. நான் வாட்சைப் பார்த்தேன். பதினொன்று. அங்கே என் தங்கை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்பாள்.

"உள்ளார இன்ஜின்தான் இருக்குது. கெளம்புங்க" என்றார் ஒருவழியாக.

பெடலை மிதித்தேன். ஒரே உதையில் கிளம்பியது. இரண்டு பேரையும் சுமந்துகொண்டு, வளைவு வளைவாக, மூச்சு வாங்கினாலும் நிற்காமல் ஏறியது.

மூன்றாவது வளைவில்தான் எனக்கு உறைத்தது. காற்றுப் பட்டு இன்ஜின் ஆறுவதற்குத்தானே அந்த ரெக்கைகள்? கழுவினாலும் போகாத புழுதி அங்கே அடைந்ததுதான் முதல் காய்ச்சல். நானோ அதன்மேல் கம்பளியைப் போர்த்திவிட்டு, ஐயோ வேர்க்கிறதே என்று மேலே இன்னொரு கம்பளி போர்த்தியிருக்கிறேன். பதற்றம் வந்தால் நமக்கு எதையாவது செய்தாக வேண்டும். செய்ததுதான் தப்பு என்று மட்டும் தோன்றவே தோன்றாது.

போய்ச் சேர்ந்தபோது ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். குழந்தை மொட்டைத் தலையோடு வீறிட்டுக்கொண்டிருந்தது.

"ஏண்ணே, இவ்ளோ நேரமா? பெரியப்பன் மடியில வெச்சிரலாம்னு பேச்சே வந்துருச்சு" என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மடியில் வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் இரண்டு காதும் முடிந்தது. தங்கை ஒரு கிண்ணத்தை நீட்டினாள். கிண்ணம் நிறையச் சந்தனம். மொட்டைத் தலைக்கு மாமன்தான் பூச வேண்டுமாம்.

நான் கையை முக்கியதும் பின்னாலிருந்து கமலாவின் குரல் வந்தது.

"மெல்லிசா பூசுங்க. கொழந்தைக்குக் காத்து படணும்."